இறக்கைக்குள் ஒரு சுரூபம்

பொம்மிடி போகும் சாலையில் கிருஷ்ணப்பனின் ஷெட்டைத் தாண்டிப் போகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பொத்துவார்கள். ரெசின் நெடி அப்படி. பஸ் சீட்டு, தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு என்று கண்ணாடி இழையில் என்ன கேட்டாலும் அங்கே செய்து கொடுப்பார்கள். உள்ளே வேலை செய்கிற பெண்கள் எப்போது பார்த்தாலும் கையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். இழைத்தூள் தோலில் ஏறிவிட்டால் குளித்தாலும் போகாது, எண்ணெய் தேய்த்தாலும் போகாது. அவர்களில் ராஜமேரி மட்டும் சொறியமாட்டாள். அவளுக்கு அரிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சொறிந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் துணி சுருங்கும் என்று அவளாகவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள். பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாவிட்டால் அவளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

கிருஷ்ணப்பனுக்குச் சொந்த ஊர் ஓசூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், பெங்களூர்க்காரர்களோடு கன்னடமும் இங்கிலீஷும் பேசுவார். பொழுது விடிந்தால் தொட்டி, சீட்டு என்று ஓடுகிற அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. கையில் ஒரு ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் நின்றபடி ஓட்டுகிற சின்ன விமானம். குழந்தைகள் விளையாடுகிற சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு கையையும் விரித்தால் என்ன அகலமோ அந்த அகலத்துக்கு இறக்கை, மூக்கில் ஆமணக்கெண்ணெய் வாசம் அடிக்கிற குட்டி என்ஜின். பொம்மிடி ஸ்டேஷனில் நிற்காமல் போகிற மெயில் வண்டி அதன் முன்னால் தோற்றுப்போகும். பெங்களூரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். மழை பொய்த்து ஏரிகள் வறண்டு கிடந்த எண்பதுகளின் அந்தச் சில வருஷங்களில், அவர்கள் கார் போட்டுக்கொண்டு தருமபுரிப் பக்கம் வந்து ஏரிக்குள்ளேயே பந்தயம் விடுவார்கள். தண்ணீர் இல்லாத ஏரி யாருக்காவது பிரயோஜனப்பட்டது என்றால் இவர்களுக்குத்தான்.

விமானத்துக்கு மரத்தகடு ஒட்டுகிற வரைக்கும் கிருஷ்ணப்பன் வேலை. அதற்குமேல் ராஜமேரியின் ராஜ்யம். தெர்மோகோல் கட்டியைச் சூட்டுக்கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்து, மேலும் கீழும் தக்கைபோல லேசான மரத்தகட்டை ஒட்டி அவர் கொண்டுவந்து வைப்பார். நகம் பட்டால்கூடப் பள்ளம் விழும். அதன்மேல் அவள் கண்ணாடி இழைத் துணியை விரிப்பாள். தொட்டிக்குப் போடுகிற முரட்டு இழைப்பாய், மேட் என்பார்களே, அது இல்லை இது. கோயிலில் மணப்பெண் போடுகிற முக்காட்டைவிட மெல்லியது, பலமாக மூச்சுவிட்டால் நகர்ந்துவிடும். துணியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, எபாக்ஸி என்கிற பசையைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, மிச்சத்தைப் பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டால் வழித்து எடுப்பாள். காய்ந்தபின் பிரைமர், உப்புத்தாள்போலத் தேய்க்கிற வாட்டர் பேப்பர், மறுபடியும் பிரைமர், மறுபடியும் வாட்டர் பேப்பர். பூசினதில் முக்கால்வாசியைத் தேய்த்தே எடுத்துவிடுவாள், கனம் ஏறக் கூடாது என்பதற்காக. கடைசியில் பெயின்ட் அடித்தால் அதில் முகம் பார்க்கலாம். பெங்களூர்க்காரர்கள் தடவிப் பார்த்துவிட்டு இது எந்த ஃபாரினில் செய்தது என்று கேட்பார்களாம். கிருஷ்ணப்பன் சிரித்துக்கொள்வாரே தவிர அவள் பெயரைச் சொல்லமாட்டார். சொன்னால் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

முதல் இறக்கையைக் கையில் கொடுத்த அன்றைக்கே அவர் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார்.

"தொட்டிக்கு ஊத்தற பாலியஸ்டர் ரெசின் இந்தப் பக்கமே வரக் கூடாது மேரி. தெர்மோகோல அரிச்சுத் தின்னுடும். எபாக்ஸி மட்டுந்தான். அது எங்கிட்டக் கேட்டு வாங்கிக்கோ."

எபாக்ஸி அவருடைய பீரோவுக்குள் பூட்டியிருக்கும். பெங்களூரிலிருந்து வருகிற சரக்கு. ராஜமேரி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். ரெசின் டிரம் இருக்கிற மூலைக்கு இறக்கையை எடுத்துக்கொண்டு போனதே கிடையாது.

அவள் புருஷன் அல்போன்ஸ் அதே ஷெட்டில் வேன் ஓட்டினான். நல்ல மனுஷன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பந்தய நாட்களில் அவனுக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது, அதில்தான் அவனுக்குப் பெருமை. ஏரிக்குள் மூன்று கம்பம் நடுவார்கள். இரண்டு கம்பம் இந்தப் பக்கம், ஒன்று அந்தக் கோடியில். விமானங்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஓட்டுகிறவர்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கோடிக் கம்பத்தை விமானம் தாண்டிற்றா இல்லையா என்பது தெரியாது. அதனால் அந்தக் கம்பத்தடியில் ஒருவன் நின்றுகொண்டு, விமானம் தலைக்குமேல் தாண்டின கணத்தில் கொடியை இறக்க வேண்டும். கொடி இறங்கினதும் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வெடுக்கென்று திருப்புவார்கள். அந்தத் திருப்பத்தில்தான் இறக்கை முழுப் பாரத்தையும் தாங்கும். முறிவதென்றால் அங்கேதான் முறியும். அந்த இடத்துக்கு நேர் கீழே, இடுப்பளவு மண் மூட்டை அடுக்கின ஒரு மறைவுக்குள், அண்ணாந்து பார்த்தபடி நிற்பவன் அல்போன்ஸ்.

இதையெல்லாம் ராஜமேரி முதலில் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஏரிக்குள் ஆடு மேய்க்கிற சென்னம்மாளின் ஆடு செத்த பிறகுதான் நினைத்தாள். கிருஷ்ணப்பன் பழைய விமானத்தை ஒத்திகை பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோ என்ன ஆயிற்றோ, கோடிக் கம்பத்தில் திரும்ப வேண்டியது திரும்பாமல் தலைகுப்புற இறங்கியது. ஏரிக்குள் மேய்ந்துகொண்டிருந்த சென்னம்மாளின் ஆட்டின்மேல் விழுந்தது. ஆடு கத்தக்கூட இல்லை. அல்போன்ஸ் நின்ற இடத்துக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் தூரம். சென்னம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். கிருஷ்ணப்பன் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். அன்று ராத்திரிச் சோற்றில் அல்போன்ஸ் அதை ஒரு தமாஷாகச் சொன்னான்.

"ஆடு மட்டும் இல்லன்னா எனக்குத்தான் அது வந்திருக்கும். ஆண்டவரு ஆட்டப் பாத்து அனுப்பிட்டாரு."

ராஜமேரிக்குச் சிரிப்பு வரவில்லை.  மறுநாள் ஷெட்டில் அந்த ஆட்டு ரத்தம் காய்ந்த இறக்கைத் துண்டைக் கழுவிப் போட்டவளும் அவள்தான்.

அவள் பிறந்த ஊர் பொம்மிடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே எதை மூடினாலும் உள்ளே ஒரு சுரூபம் வைத்துத்தான் மூடுவார்கள். மாதா உருவம் பதித்த அலுமினியப் பதக்கம் அது, விரல் நகம் அளவுதான் இருக்கும். வாசல் நிலை நிறுத்தும்போது அடியில் ஒன்று. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டும்போது கலவைக்குள் ஒன்று. கல்யாணப் பெண்ணின் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் ஒன்று. பங்குச் சாமியார் மந்திரித்த சுரூபம் உள்ளே இருந்தால் வெளியே எது வந்தாலும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. ராஜமேரி அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. சாப்பிடும் முன் கை கழுவுவதைப் போல அது அவள் பழக்கம்.

கிருஷ்ணப்பன் புது விமானம் கட்டினார். பெங்களூர்க்காரர்களை இந்த முறை மண்ணைக் கவ்வ வைப்பது என்ற வெறியில், முந்தியதைவிட மெல்லிய இறக்கை. அது மரத்தகடு ஒட்டி ராஜமேரியின் மேஜைக்கு வந்தபோது அவள் முடிவு செய்துவிட்டாள். மத்தியானம் எல்லாரும் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து, இறக்கையின் அடிப்பக்கம், நட்ட நடுவில், பிளேடால் மரத்தகட்டைக் கீறினாள். தெர்மோகோலில் விரலால் ஒரு குழி செய்து, வேளாங்கண்ணியில் வாங்கி மந்திரித்து வைத்திருந்த சுரூபத்தை உள்ளே வைத்தாள். ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள்.

மூட வேண்டும். எபாக்ஸி பீரோவில். கேட்டால் எதற்கு என்று கிருஷ்ணப்பன் கேட்பார். மேஜையடியில் பேஸ்ட் டப்பா இருந்தது. பஸ் சீட்டில் விழுகிற பள்ளங்களை அடைக்கிற கெட்டிப் பேஸ்ட். ரெசின் என்றால் அவளுக்கு டிரம்மில் தளதளவென்று இருப்பது. இது டப்பாவில் இருப்பது, களி மாதிரி இருப்பது, பெயரும் வேறு. அவர் ரெசினைத்தானே வேண்டாம் என்றார். பேஸ்ட்டைக் குழைத்துக் கீறலில் அப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பேஸ்ட் உள்ளே இறங்கியிருந்தது. மரம் குடிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அப்பினாள். அதுவும் இறங்கியது. மூன்றாவது தடவை அப்பினபோது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அத்தனை சின்னக் கீறலுக்கு இவ்வளவு பேஸ்ட் எங்கே போகிறது? அதற்குள் ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. நல்லவேளையாக இந்த முறை பேஸ்ட் நின்றுவிட்டது. காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்கி, கிருஷ்ணப்பனிடம் எபாக்ஸி வாங்கி, அதன்மேல் துணியைப் போட்டாள். அவள் வாழ்நாளில் போட்ட துணியிலேயே அதுதான் அழகு. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக்குமிழி இல்லை. பிரைமரும் சிவப்புப் பெயின்ட்டும் ஏறின பிறகு கீறல் இருந்த இடம் அவளுக்கே தெரியவில்லை.

கிருஷ்ணப்பன் தராசில் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் கனம் ஏறியிருக்குதே" என்று புருவத்தைத் தூக்கினார். பிறகு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல. இந்த மாதிரி ஃபினிஷ் பெங்களூர்ல ஒருத்தன் கையிலயும் கெடையாது" என்றார். அன்று ராஜமேரி நிம்மதியாகத் தூங்கினாள்.

பந்தயம் ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று. அதற்கு முந்திய வாரம் ஒரு பஸ் சீட்டுக்குப் பேஸ்ட் குழைக்க உட்கார்ந்தாள். எப்போதும் குழைக்கிற தகரத்தை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கைக்குக் கிடைத்த ஒரு தெர்மோகோல் துண்டின்மேல் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு அதை இறுகவைக்கிற ஹார்டனர் டியூபைத் தேடினாள். டியூப் கிடைத்துத் திரும்பினபோது தெர்மோகோலில் பேஸ்ட் இல்லை. பேஸ்ட் இருந்த இடத்தில் குழி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி அகலமாகியது. அடிப்பக்கம் ஓட்டை விழுந்து பேஸ்ட் அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

ராஜமேரி அதை முகர்ந்து பார்த்தாள். டிரம்மில் இருக்கிற அதே நெடி, அதே ரெசின். இத்தனை வருஷம் இரண்டையும் முகர்ந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். கழுவும்போதுதான் அன்றைக்கு மூன்று தடவை பேஸ்ட் இறங்கினது நினைவுக்கு வந்தது.

யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சிவப்பு இறக்கையைத் தட்டிப் பார்த்தாள். ஓரத்தில் தட்டினால் ஒரு சத்தம். நடுவில் தட்டினால் வேறு சத்தம், காலிப் பெட்டியைத் தட்டினதுபோல. உள்ளே எலுமிச்சம்பழம் அளவு இருக்குமோ, தேங்காய் அளவு இருக்குமோ, அந்தப் பளபளப்புக்குள் யாரால் பார்க்க முடியும்.

முதலில் புருஷனிடம்தான் சொன்னாள். அடுப்பு வேலையெல்லாம் முடித்து, இரண்டு மகள்களையும் ஜெபத்துக்கு அனுப்பிவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். 

"ரெக்கைக்குள்ள சுரூபம் வெச்சியா?"

"அதத்தாங்க சொல்றன். அதுக்கு நான் அடைச்ச பேஸ்ட்டு உள்ள இருக்கறத தின்னுடுச்சி. நடுவுல ஒன்னுமே இல்ல. திருப்பும்போது முறிஞ்சிடும். உங்க தலைக்கு மேலதான் திருப்பறாங்க."

"எனக்காகவா வெச்ச?"

"வேற யாருக்கு?"

அல்போன்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மேரி? அந்த ஆடு செத்ததுல இருந்து எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான், வெளிய சொல்லல. இனிமே என்ன பயம்? மாதாவே அதுல உக்காந்திருக்கறாங்க."

அவள் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அவன் காதில் சுரூபம் மட்டும்தான் விழுந்தது. சுவரில் போய் முட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்த மனுஷன் அன்று முதல் தைரியசாலி ஆனான். தைரியசாலி ஆனதால் அவளுக்குப் பயம் இரண்டு மடங்காகியது.

கிருஷ்ணப்பனிடம் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. வேலை போய்விடும் என்பது ஒரு பயம். சுரூபத்தை வைத்ததற்குச் சிரிப்பாரே என்பது அதைவிடப் பெரிய கூச்சம். கடைசியில் சனிக்கிழமை, வேனில் சாமான் ஏற்றுகிற நேரத்தில், முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"சார், ரெக்கை உள்ள காலிங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. பேஸ்ட் என்றதும் பல்லைக் கடித்தார். ஆனாலும் திட்டவில்லை. இறக்கையை எடுத்து இரண்டு முனையையும் இரண்டு ஸ்டூலின்மேல் வைத்தார். மணல் நிரப்பின பையை நடுவில் ஏற்றினார். இறக்கை லேசாக வளைந்தது, அவ்வளவுதான். இன்னொரு பையை ஏற்றினார். அதையும் தாங்கியது. கையால் அமுக்கிப் பார்த்தார். பையை இறக்கினதும் இறக்கை நிமிர்ந்துகொண்டது.

"பாத்தியா? உன் துணி தாங்குது மேரி. அப்படிப் போட்டிருக்கற. உள்ள கொஞ்சம் காலியா இருந்தாலும் மேல இருக்கற ஓடு புடிச்சிக்கும்."

"நின்ன இடத்துல தாங்குதுங்க. அங்க போயி திரும்பறப்ப..."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஒரு நாள் தாங்கினாப் போதும். அப்பறம் வேற ரெக்கை கட்டிக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பெங்களூர்க்காரங்க காதுல இது விழக் கூடாது" என்றார்.

ஆக ஒருத்தருக்கு மாதா துணை, இன்னொருத்தருக்கு மணல் பை துணை. ராஜமேரிக்குத்தான் ஒரு துணையும் இல்லை. அவள் போட்ட துணியின் அழகே அவளுக்கு எதிரியாகிவிட்டது. கொஞ்சம் மோசமாகப் போட்டிருந்தால் அந்த இரண்டாவது பையிலேயே முறிந்து தொலைந்திருக்கும், எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் அல்போன்ஸ் கையில் இருந்த குருத்தோலையோடு நேரே ஏரிக்குத்தான் வந்தான். அதைக் கோடிக் கம்பத்தில் கட்டினான். ஏரிக்கரை முழுக்கச் சனம். ஐஸ் வண்டிக்காரன்கூட வந்துவிட்டான். ராஜமேரிக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு சுற்றுப் பந்தயம் முடிந்ததும் என்ஜின் துப்பின ஆமணக்கெண்ணெய் இறக்கை முழுக்கப் படிந்திருக்கும். அதைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் பந்தயம் தொடங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. நாலு விமானங்களும் ஒன்றாகக் கிளம்பி, அலறிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போகும். அங்கே திரும்பும்போது சத்தம் ஒரு கணம் இறங்கி, பிறகு மறுபடி ஏறும். அந்த ஒவ்வொரு இறக்கத்திலும் அவள் ஒரு தடவை விதவையானாள். ஆனால் சிவப்பு விமானம் முறியவில்லை. முதலாவதாக வந்தது. கிருஷ்ணப்பன் அவள் பக்கம் திரும்பி, "என்ன மேரி?" என்று கண்ணாலேயே கேட்டார். கோடியில் அல்போன்ஸ் கொடியை அவளைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தான். தான் பைத்தியக்காரிதானோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றினதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் இறக்கையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, கிருஷ்ணப்பன் பெங்களூர்க்காரர்களோடு டீ குடிக்கப் போனார். அவள் எண்ணெயைத் துடைத்தாள். மேல்பக்கம் சுத்தம். கவிழ்த்து அடிப்பக்கம் துடைத்தாள். சோப்பு நுரை போனபின் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி என்று நினைத்து விரலால் தள்ளினாள். போகவில்லை. கட்டை விரலால் லேசாக அமுக்கினாள். பெயின்ட் பக்கென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கோடியில் அல்போன்ஸ் மண் மூட்டைமேல் உட்கார்ந்து யாரோ கொடுத்த ஐஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் கிருஷ்ணப்பன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரிடமும் சொல்லியாயிற்று.  இறக்கையைத் தரையில் வைத்தாள். புடவையைச் சற்றே தூக்கி, கோயிலில் மண்டியிடுகிற மாதிரி அதன் நடுவில் ஒரு காலை மடக்கி முழங்காலை ஊன்றினாள். இறக்கை அப்பளமாக நொறுங்கியது.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் கிருஷ்ணப்பன். இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் தெர்மோகோல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சொம்பு வைக்கலாம். அந்தப் பள்ளத்தின் சுவரெல்லாம் உருகின மெழுகுபோல வழுவழுவென்று இருந்தது. அடியில் கெட்டியாக உறைந்த பேஸ்ட் கட்டி, அதில் பாதி புதைந்து சுரூபம். அவர் பள்ளத்தை ராஜமேரி பக்கம் திருப்பிக் காட்டினார்.  அதற்குள் பெங்களூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு என்ன, என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். கிருஷ்ணப்பன் துண்டுகளைச் சாக்குப்பைக்குள் போட்டார்.

"வேலைக்கார அம்மா தெரியாம கால வெச்சிட்டாங்க. இல்லன்னா நல்லாத் தாங்கியிருக்கும்" என்றார்.

அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பிறகு அதையே நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி, ஷெட்டுக்குத் திரும்புவதற்குள் அவரே அதை நம்பிவிட்டார். பள்ளத்தை அவர் அவளைத் தவிர வேறு யாருக்கும் காட்டவில்லை.

அல்போன்ஸ் ஓட்டமாக வந்து சேர்ந்தான். சாக்குக்குள் கையை விட்டு முதலில் சுரூபத்தைத்தான் பெயர்த்து எடுத்தான். வேட்டி நுனியால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மாதா மேலயே மண்டி போட்டியே மேரி" என்றான். உயிரோடு நின்றுகொண்டுதான் சொன்னான். அவளுக்கு அது போதும் என்று தோன்றியது.

கிருஷ்ணப்பன் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு மனசாட்சி இருந்தது. ஆனால் அவள் மேஜையைத் தொட்டிப் பக்கம் நகர்த்திவிட்டார். இறக்கை வேலைக்குப் பெங்களூரிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார். யாரையும் கிட்டே விடாத ஆள். ராஜமேரி முரட்டு மேட்டில் ரெசின் ஊற்றிக்கொண்டே, அவன் துணி விரிப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். கை நடுங்குகிறதே அவனுக்கு என்று நினைப்பாள், சொல்லமாட்டாள். அல்போன்ஸிடம் மட்டும் கொடி வேலையை விடச் சொல்லி அந்த வருஷம் முழுக்கக் கெஞ்சினாள். சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். அவன் கேட்பதாக இல்லை. அவனுக்கு அந்தக் கொடிதான் உத்தியோகம், வேன் ஓட்டுவது சும்மா சம்பளத்துக்கு.

அடுத்த வருஷமும் மழை பொய்த்தது. பந்தயத்துக்கு நாள் வைத்தார்கள். அன்று காலையில் அல்போன்ஸ் குளித்து, நெற்றியில் சிலுவை போட்டு, வேனில் ஏறினான். ராஜமேரி வாசலில் நின்றாள். ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்றுதான் இருந்தாள், முடியவில்லை.

"இந்த ரெக்கை எப்படின்னு யாருக்குத் தெரியுங்க? இன்னிக்கு ஒரு நாளு நிக்காதீங்க."

அல்போன்ஸ் என்ஜினைக் கிளப்பிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அவன் முகத்தில் ஒரு வாரமாக மறைத்து வைத்திருந்த ரகசியத்தைச் சொல்லப்போகிற சந்தோஷம்.

"நீ ஒன்னும் பயப்படாத. அந்தச் சுரூபத்தையே இதுலயும் வெச்சாச்சு. பெங்களூரு ஆளு சோத்துக்குப் போன நேரம் பாத்து நானே கீறி, நானே அடைச்சிட்டன். உன் மேஜைக்கு அடியில இருந்த டப்பாவுலதான். நீ செஞ்ச மாதிரியே."

வேன் நகர்ந்துவிட்டது. ராஜமேரி கூப்பிட்ட சத்தம் என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. பின்பக்கக் கண்ணாடி வழியே புதுச் சிவப்பு இறக்கை வெயிலில் பளபளத்துக்கொண்டு போனது. அவள் செருப்புப் போடவில்லை, வீட்டைச் சாத்தவில்லை. ஏரி இருந்த திசையில் ஓட ஆரம்பித்தாள்.